வண்டி யாருது? – மோட்டார் சைக்கிளும் அந்தஸ்தும் பற்றிச் சில குறிப்புகள்

1

அடையாறில் ஓர் அடுக்ககத்துக்கு நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். மொழிபெயர்ப்பாளர். அவர் திருத்தி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியை வாங்கி வர வேண்டும். என்னுடையது பதினோரு வருஷத்துப் பழைய ஸ்ப்ளெண்டர். பின்சீட்டில் புத்தகப் பையை ரப்பர் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். கேட்டில் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். என் அப்பா வயது இருக்கும். "டெலிவரியா? பின்பக்கம் கேட்டு இருக்கு பாரு. லிஃப்டும் அந்தாண்டதான்." டெலிவரி இல்லை என்றேன். நம்பாமல் பையைப் பார்த்தார். அப்புறம் நோட்டை நீட்டினார். பெயர், வீட்டு எண், வண்டி எண், வந்த நேரம். வண்டியை வெளியே மரத்தடியில் விடச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து அதே வீட்டுக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. என் வண்டி மெக்கானிக்கிடம் கிடந்ததால் மைத்துனரின் புல்லட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கறுப்பு நிறம், டேங்கில் தங்கக் கோடு. அதே காவலாளிதான். சத்தம் கேட்டதுமே கேட்டைத் திறந்துவிட்டார். கை நெற்றிக்குப் போனது. நோட்டு வரவில்லை. விருந்தினர் வண்டி நிறுத்துமிடத்தை அவரே காட்டினார்.

சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த சல்யூட் எனக்குப் பிடித்திருந்தது. என் முதுகு தானாக நிமிர்ந்தது. தமிழ் எம்.ஏ. படித்து, பெரியாரும் அம்பேத்கரும் படித்து, கூட்டங்களில் அதிகாரம் பற்றி மணிக்கணக்கில் பேசியவன் நான். இரவல் வண்டியில் கிடைத்த ஒரு சல்யூட்டுக்கு என் உடம்பு இப்படி இசைந்து கொடுத்தது என்றால், மோட்டார் சைக்கிளை 'நுகர்வுப் பண்டம்' என்று ஒரு வார்த்தையில் சொல்லி நகர்ந்துவிட முடியாது.

இரண்டு முறையும் அதே முகம், அதே தாடி, ஏறக்குறைய அதே சட்டை. காவலாளி என்னை வாசிக்கவில்லை, வண்டியை வாசித்தார். ரொலான் பார்த் 1957இல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில் சித்ரோயன் காரை இடைக்காலத் தேவாலயங்களோடு ஒப்பிட்டு எழுதினார். எந்திரம் எப்படி வழிபாட்டுப் பொருளாகிறது என்பது அவருடைய கேள்வி. நம் தெருவில் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. சென்னையில் வண்டி ஓட்டுகிற எந்தக் கறுத்த பையனும் வாழ்நாளில் ஒரு தடவையாவது அதைக் கேட்டிருப்பான். "வண்டி யாருதுடா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

2

மேற்கத்தியப் பண்பாட்டு ஆய்வில் மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் மீறலின் குறி. ஹண்டர் தாம்சன் 1967இல் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கும்பலைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பால் வில்லிஸ் 1978இல் வெளிவந்த 'புரஃபேன் கல்ச்சர்' நூலில் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்து பைக் இளைஞர்களை ஆராய்ந்தார். வேகமும் இரைச்சலும் ஆபத்தும் அவர்களுக்கு ஒரு முழுப் பண்பாடு என்று காட்டினார். நம்மில் சிலர் இதை அப்படியே இறக்குமதி செய்து, இங்கே புல்லட் ஓட்டுகிறவரையும் கலகக்காரர் என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. புல்லட் இங்கே கலகக்காரனின் வண்டியாக வரவில்லை. அரசாங்கத்தின் வண்டியாக வந்தது.

1950களின் நடுவில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சிசி புல்லட் 800 வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின. 1970 வாக்கில் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் படுத்துவிட்டது. பிள்ளை இங்கே உயிரோடு இருந்தது. ராணுவத்துக்கு அடுத்தபடி போலீஸ். அதற்கு அடுத்தபடி மாவட்டங்களில் ரைஸ் மில் முதலாளி, வட்டிக்கு விடுகிறவர், பெரிய பண்ணைக்காரர். பட்டியலைப் பாருங்கள், இதில் ஒருவர்கூடக் கலகக்காரர் இல்லை. யாரை எதிர்த்துக் கலகம் நடக்குமோ அவர்கள்தான் இதில் இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மந்தைவெளியில் எங்கள் தெருவில் ஒரே ஒரு புல்லட். ஓர் இன்ஸ்பெக்டருடையது. தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டால் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவோம். அவர் எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதுமில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை. ஆள் வருவதற்கு அரை நிமிஷம் முன்னால் அவருடைய அதிகாரம் வந்து சேர்ந்துவிடும். முற்காலத்தில் கட்டியக்காரன் முன்னால் கூவிக்கொண்டு போவானாமே, அந்த வேலையை இங்கே சைலன்சர் செய்தது.

இன்னொன்று, அதை ஸ்டார்ட் செய்கிற வித்தை. இன்று பட்டனைத் தட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும். பழைய வண்டியில் சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் ஒரு நூல் இறக்கி, லீவரை விட்டு, ஒரே மிதி. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவன் ஏறினால் முதல் சிக்னலிலேயே தடுமாறுவான். பூர்தியு சொன்ன பண்பாட்டு மூலதனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. காசு கொடுத்து வண்டியை வாங்கலாம். முள்ளைப் பிடிக்கிற கால் மட்டும் பழகித்தான் வரும்.

ஆனால் நம் ஊரில் பூர்தியுவுக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அந்தக் கால் யாரிடம் இருந்தது? உரிமையாளரைவிட நன்றாக அந்த வண்டியை அறிந்தவன் புதுப்பேட்டையிலும் ராயப்பேட்டையிலும் ஷெட்டில் உட்கார்ந்திருந்த மெக்கானிக். பத்து, பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் கழுவ வந்து, காதால் கேட்டே டேப்பட் சத்தம் எது, செயின் சத்தம் எது என்று சொல்லக் கற்றவன். பெரும்பாலும் முஸ்லிம், தலித் குடும்பங்களிலிருந்து வந்த பையன்கள். அறிவு முழுக்க அவனிடம் இருந்தது. சல்யூட் முழுக்க முதலாளிக்குப் போனது. வேலை முடிந்து டெஸ்ட் ஓட்டம் பார்க்க அவன் புல்லட்டை எடுத்துக்கொண்டு மவுண்ட் ரோடு வரை போனால், கிரீஸ் படிந்த சட்டையைப் பார்த்து நிறுத்துவார்கள். "வண்டி யாருதுடா?"

ஆக, வித்தை தெரிவதால் அந்தஸ்து வரவில்லை. வித்தை தெரிந்தவனே திருடனாகப் பார்க்கப்பட்டான்.

3

அந்தக் காலத்து அந்தஸ்தில் பாதி, பற்றாக்குறையிலிருந்து வந்தது. லைசென்ஸ் ராஜ்யத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. அந்நியச் செலாவணியில் கட்டுகிறவர்களுக்கு முன்னுரிமை உண்டு. மயிலாப்பூரில் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் என்பது நகைக் கணக்கோடு சேர்ந்து வந்தது. வண்டி தெருவுக்கு வருவதற்கு முன்னாலேயே அது எந்தச் சாதி, எந்த ஆபீஸ், யாருக்கு மாமா என்பதெல்லாம் தெருவுக்குத் தெரிந்திருக்கும். அப்போது "வண்டி யாருது" என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1984, 85இல் ஜப்பான் வந்தது. ஓசூரில் டிவிஎஸ்ஸோடு சுசுகி, ஹீரோவோடு ஹோண்டா, எஸ்கார்ட்ஸோடு யமஹா. ஹீரோ ஹோண்டா சிடி 100 லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. கம்பீரத்தின் இடத்தில் மைலேஜ் வந்து உட்கார்ந்தது. இது சின்ன மாற்றமல்ல. குமாஸ்தாவும் வாத்தியாரும் எல்.ஐ.சி. ஏஜெண்டும் மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள். 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100 இன்னொரு பக்கம் போனது. மெலிந்த வண்டி, சீறிப் பாயும். செயின் பறிப்புச் செய்திகளில் அதன் பெயர் அடிபட்டு, அந்த வண்டி வைத்திருந்தாலே சந்தேகம் என்கிற அளவுக்குப் போயிற்று.

இந்த வரிசையின் கடைசியில், உண்மையில் எண்ணிக்கையில் முதலில், 1980இல் வந்த டிவிஎஸ் 50. எங்கள் வீட்டு வண்டி அதுதான். அப்பா திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். முன்னால் நான் நின்றுகொள்வேன். பின்னால் அம்மா ஒருக்களித்து உட்கார்ந்து தங்கையை மடியில் வைத்துக்கொள்வாள். கச்சேரி ரோட்டில் முதலாளியின் வண்டி பின்னால் வருவது தெரிந்தால் அப்பா ஓரம் கட்டி நின்றுவிடுவார். "ஏம்பா நிக்கிற?" என்று கேட்டால், "முந்திக்கிட்டுப் போறது மரியாதை இல்லடா" என்பார். அந்த வண்டியால் யாரையும் முந்த முடியாது என்பது வேறு விஷயம்! முந்தக் கூடாது என்கிற நினைப்பு எஞ்சினுக்கு முன்னாலேயே அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த நினைப்பை நம் சினிமா நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. இரண்டு படங்களைச் சொல்கிறேன். 1982இல் வந்த 'சகலகலா வல்லவன்'. கிராமத்து வேலு நகரத்து, வெளிநாட்டு வேஷம் போட்டுப் பணக்காரனைப் பழிவாங்குகிறான். அந்த வேஷத்தின் முழு வடிவத்தில் அவனைப் புத்தாண்டுப் பாட்டில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வேட்டியில் இருந்தவன் வேறு உடம்போடு வருவதற்கு வண்டி வேண்டியிருந்தது. அதாவது வண்டி ஒரு வேஷம். ஏறினால் ஆள் மாறலாம், இறங்கினால் பழையபடி கிராமத்தான். கிராமத்துப் பார்வையாளர்கள் அந்தக் காட்சிக்கு விசிலடித்ததில் இந்தக் கனவு இருந்தது.

கால் நூற்றாண்டு கழித்து, 2007இல் வெற்றிமாறனின் 'பொல்லாதவன்'. கீழ் நடுத்தர வீட்டுப் பையன் பிரபு ஒரு பல்சர் வாங்குகிறான். வண்டி வந்ததும் வேலை வருகிறது, காதல் கூடிவருகிறது. வண்டி காணாமல் போனதும் எல்லாம் கலைகிறது. தேடிப் போகிறவன் நகரத்தின் அடிவயிற்றுக்குள், திருட்டு வண்டிகளும் போதைப்பொருளும் கைமாறுகிற உலகத்துக்குள் போய்ச் சேருகிறான். டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தோடு இதைப் பலர் ஒப்பிட்டார்கள். ஒப்பீட்டைவிட வித்தியாசம் முக்கியம். ரோமில் அந்தோனியோவுக்குச் சைக்கிள் இல்லாவிட்டால் போஸ்டர் ஒட்டுகிற வேலை இல்லை, அவ்வளவுதான். பிரபுவுக்கு வண்டி வேலையைவிடப் பெரியது. அது இல்லாதபோது அவன் யாருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை. 1991க்குப் பிறகு இந்த நகரத்தில் ஏழைப் பையனுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி இதுதான்: தவணையில் ஒரு வண்டி எடு, நீ தென்படுவாய். தவணை கட்டத் தவறினால் வண்டியைத் தூக்க வருகிறவனும் இன்னொரு பல்சரில்தான் வருவான் என்பதை யாரும் சொல்லவில்லை.

4

இனி புல்லட்டின் மறுபிறவி. 1994இல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 2000 வாக்கில் மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்கிற நிலை. மைலேஜ் யுகத்தில் அந்தப் பழைய இரும்பை யார் சீண்டுவார்கள்? பிறகு நடந்ததை நாம் பார்த்தோம். எஞ்சின் மாறியது, கியர் இடது காலுக்கு வந்தது, பட்டன் ஸ்டார்ட் வந்தது. 2009இல் வந்த கிளாசிக், பழைய உருவத்தைப் புதிய எஞ்சின் மேல் போர்த்தியது. 2014இல் உலகம் முழுக்க ஹார்லி டேவிட்சன் விற்றதைவிட அதிக வண்டிகளை ராயல் என்ஃபீல்டு விற்றது. 2024–25 நிதியாண்டில் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது.

என்ன விற்றார்கள்? பழமையை விற்றார்கள். ஆம்பியர் முள்ளைப் பிடிக்கத் தெரியாதவருக்கு முள்ளைப் பிடித்தவரின் கம்பீரம் தவணையில் கிடைத்தது. பழைய மகாபலிபுரம் சாலை கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வாரம் ஐந்து நாள் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்கள், ஞாயிறு விடியற்காலை அடையாறிலும் பெசன்ட் நகரிலும் கூடி, ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறார்கள். அவர்களுடைய மொழியைக் கவனியுங்கள். யாரும் 'வண்டி ஓட்டுவது' இல்லை. 'ரைட் போறோம்' என்கிறார்கள். 'ரைடர்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். தி.நகர் உஸ்மான் ரோட்டில் சரக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு எக்ஸ்எல்லில் போகிறவர் நாள் முழுக்க வண்டியில்தான் இருக்கிறார். அவரை யாரும் ரைடர் என்று சொல்வதில்லை. தேவைக்கு ஓட்டினால் ஓட்டுகிறவன், தேவையில்லாமல் ஓட்டினால் ரைடர். இப்படி ஒரு வர்க்கப் பிரிவினை ஒற்றைச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாகம் உண்மையானது. நண்பர்களோடு லடாக் போய் வந்த ஒருவர், "அங்கதான் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்னு இருந்துச்சு" என்றார். வேலை அவருடைய உயிரை எப்படி உறிஞ்சியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்த மலைப் பாதையில் ஜார்க்கண்டிலிருந்து வந்து தார் காய்ச்சிக்கொண்டிருக்கும் தொழிலாளிகளை நான் பார்த்த எந்த லடாக் போட்டோவிலும் காணோம். விடுதலை என்பது சாலை போட்டவனைப் பார்க்காமல் சாலையில் போவதாக ஆகிவிட்டது.

தோழர்கள் உடனே சே குவேராவை இழுப்பார்கள். 1952இல் ஆல்பெர்தோ கிரனாதோவோடு நார்ட்டன் 500 வண்டியில் கிளம்பியவர்தானே அவர் என்பார்கள். சரிதான். ஆனால் அந்த வண்டி சிலியில் செத்துப்போனது. சுக்கிகமாத்தா செம்புச் சுரங்கத்துக்குப் போகும் வழியில் குளிரில் போர்வையில்லாமல் நின்ற கம்யூனிஸ்ட் சுரங்கத் தொழிலாளியையும் மனைவியையும் அவர் சந்தித்தது அதற்குப் பிறகு, லாரிகளில் ஓசிச் சவாரி கேட்டு நின்றபோதுதான். டீ ஷர்ட்டில் சேயின் படத்தோடு புல்லட் ஓட்டுகிறவர்களுக்கு இது ஞாபகம் இருக்கட்டும்.

இந்த மறுபிறவியில் காணாமல் போனது திருவொற்றியூர். சென்னையின் வடகோடியில், எண்ணூர் அசோக் லேலண்டு, எம்ஆர்எஃப் என்ற ஆலைகளின் வரிசையில் பிறந்த வண்டி இது. டேங்கில் தங்கக் கோட்டை எந்திர உதவியில்லாமல், தூரிகையால் வெறுங்கையில் போடுகிற கலைஞர்கள் அங்கே இருந்தார்கள். கை நடுங்காமல் ஒரே மூச்சில் இழுக்கிற கோடு. நான் அடையாறில் சல்யூட் வாங்கிய வண்டியிலும் கோடு உண்டு. ஆனால் அந்தக் கோட்டை இழுக்கிறவர் அதே கேட்டுக்கு டிவிஎஸ்ஸில் வந்தால் பின்பக்கம் போகச் சொல்வார்கள். 2013இல் ஒரகடத்தில் புது ஆலை திறந்தார்கள். 2018 செப்டம்பரில் ஒரகடம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே சமயம் பக்கத்து யமஹா ஆலையிலும் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கம் வைக்கிற உரிமையும் வேலைப் பாதுகாப்பும் பிரச்சினை. அப்போது எனக்குத் தெரிந்த மூன்று ரைடர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் விஷயம் தெரியவில்லை. டெலிவரி தள்ளிப்போகுமா என்பதுதான் அவர்களுடைய சந்தேகமாக இருந்தது. வண்டி யாருது என்ற கேள்விக்கு உழைப்பு என்ற பதிலைச் சொல்ல அங்கே யாருமில்லை.

5

வேகத்துக்கும் சாதி உண்டு. அடையாறு, நீலாங்கரை வீட்டுப் பையன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூற்றிருபதில் போனால் அது 'ரைடிங்'. வியாசர்பாடியிலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ முடிக்குச் சாயம் பூசிய பையன் டியூக் வண்டியில் முன்சக்கரத்தைத் தூக்கினால் அவன் 'புள்ளிங்கோ'. சில ஆண்டுகளுக்கு முன்னால் அந்தச் சொல் எல்லா வாய்களிலும் புரண்டது. முடிவெட்டு, பேண்ட், வண்டி, பேச்சு எல்லாவற்றையும் சேர்த்துக் கேலி செய்ய ஒரு சொல் கிடைத்துவிட்டது. சாதிப் பெயரைச் சொல்லாமல் சாதியைச் சொல்கிற வசதி அதில் இருந்தது. முற்போக்காளர்களும் அதைச் சிரித்துக்கொண்டே பயன்படுத்தினார்கள். நானும் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். இன்று எழுத மாட்டேன்.

சாகசத்தை நான் நியாயப்படுத்தவில்லை. கடற்கரைச் சாலையில் இரவுப் பந்தயத்தில் செத்தவர்களில் ரோட்டைக் கடந்த கூலிக்காரர்களும் உண்டு. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சாகசம் செய்து விழுந்த யூட்யூபர் ஒருவரைக் கைது செய்தார்கள், உரிமத்தைப் பத்தாண்டு நிறுத்தினார்கள். கண்டிப்பு தேவைதான். என் கேள்வி, கண்டிப்பு யார் மேல் எப்படி விழுகிறது என்பது. ராதாகிருஷ்ணன் சாலைச் சோதனையில் நின்று பாருங்கள். யாரை ஓரம் கட்டுகிறார்கள், யாரைக் கையசைத்து அனுப்புகிறார்கள் என்று அரை மணி நேரத்தில் விளங்கும்.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் பையன்களுக்கு வண்டி வெறும் பகட்டல்ல. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து அவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே போட்டார்கள். 2022 மே மாதம் மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். வீடு போன இடம் தூரம். வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவை விடியற்காலை கொண்டுவந்து விடுவதற்கு மகன் தவணையில் வண்டி எடுக்கிறான். பறிபோன ஊருக்குத் திரும்பி வர அவன் கட்டுகிற அபராதம் அந்தத் தவணை. அதே வண்டியில் சாயங்காலம் எலியட்ஸ் கடற்கரைக்கு வந்தால், முன்பு நடந்தே வந்த கடற்கரைக்கு வந்தால், "வண்டி யாருதுடா, ஆர்.சி. எடு."

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கதை முழுக்க ஆண் உடம்பின் கதை. டேங்கைக் கால்களால் அணைத்து உட்காருவதே ஆண்மை என்றுதான் விளம்பரங்கள் சொல்லித் தந்தன. பெண்களுக்கு ஸ்கூட்டி, ஆக்டிவா ஒதுக்கப்பட்டன. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகனம் வாங்க அரசு பாதி விலையோ 25,000 ரூபாயோ, எது குறைவோ அதை மானியமாகக் கொடுத்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி என்ன விமர்சனம் வைத்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. ஒருக்களித்து உட்கார்ந்தே பழகிய என் அம்மாவின் தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, ஹேண்டில்பாரைத் தன் கையில் பிடித்தது. அந்தஸ்து பற்றிய பேச்சு எதிலும் அது சேர்க்கப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிய மாற்றமாகப் படுகிறது.

6

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரை மூன்று பேர் வழிமறித்து வாளால் வெட்டினார்கள். கைகளில் வெட்டினார்கள். எங்கள் முன்னால் புல்லட் ஓட்டுவாயா என்று சாதிப் பெயர் சொல்லி வெட்டியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். மூவரும் கைதானார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்குப் பதிவானது.

செய்தியைப் படித்த அன்று என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை. கால்களை விட்டுக் கைகளை வெட்டியிருக்கிறார்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற கைகள். அவர்கள் எந்தக் கோட்பாடும் படித்தவர்களாக இருக்க மாட்டார்கள். ஆனால் குறியியலை நம் எல்லோரையும்விடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பண்டம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் அர்த்தம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வண்டி அவர்களில் ஒருவரிடம் இருந்திருந்தால் அது வெறும் வண்டி.

இது புதிதுமல்ல. 1893இல் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்லுவண்டியில் பொதுச் சாலையில் போனதே ஒரு போராக இருந்தது. சேரிக்காரர் ஊர்த் தெருவில் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற விதி நம் கிராமங்களில் இருந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. 2018இல் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் குதிரை வைத்திருந்ததற்காகத் தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். வில்லுவண்டி, சைக்கிள், குதிரை, புல்லட். நூற்றி முப்பது ஆண்டுகளில் வாகனம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இறங்கு என்கிற உத்தரவு மாறவில்லை.

பணம் வந்தால் சாதி போய்விடும், சந்தை எல்லோரையும் சமமாக்கும் என்று பேசிய நண்பர்கள் தொண்ணூறுகளில் நம் நடுவிலும் இருந்தார்கள் என்று மூத்த தோழர்கள் சொல்வார்கள். சந்தை ஒரு காரியத்தைச் செய்தது உண்மை. இன்ஸ்பெக்டரும் ரைஸ் மில் முதலாளியும் மட்டும் உட்கார்ந்த இருக்கையில், தவணை கட்ட முடிந்த யாரும் உட்காரலாம் என்று ஆக்கியது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மேலப்பிடாவூர்ப் பையன் அந்த இருக்கையில் உட்கார்ந்தது ஒரு ஜனநாயகச் செயல். நுகர்வு மோகம் என்று அதைத் திட்டுகிற இடதுசாரி நண்பர் முதலில் தன் வண்டியிலிருந்து இறங்க வேண்டும். ஆனால் இருக்கையை விற்ற சந்தை, உட்காருகிற உரிமையை விற்கவில்லை. அது சந்தையிடம் இல்லை. அந்த உரிமையை எங்கே, யாரிடமிருந்து பிடுங்குவது என்பதுதான் நம் முன்னால் உள்ள அரசியல் வேலை.

கிராமத்தில் அது வாள். அடையாறில் நோட்டு. இரண்டும் ஒன்று என்று சொல்லிக் குருதியை மலிவாக்க மாட்டேன். ஆனால் இரண்டும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்.

கடைசியாக அந்தக் காவலாளி. மூன்றாம் முறை என் ஸ்ப்ளெண்டரிலேயே போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "அந்தப் புல்லட் என்னாச்சு சார்?" என்றார். 'சார்' மட்டும் தங்கிவிட்டது. "அது என்னுது இல்லீங்க, மச்சானுது" என்றேன். சிரித்தார். நோட்டை எடுக்கவில்லை. பேச்சுக் கொடுத்தேன். பெரும்பாக்கத்திலிருந்து வருகிறாராம். இரண்டு பஸ் மாற வேண்டும். மகன் சாப்பாடு டெலிவரி செய்கிறான், சில நாள் அவன்தான் கொண்டுவந்து விடுவான் என்றார். "அவன் வந்தா எந்த கேட்டு வழியா விடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "பின்பக்கந்தான் சார். ரூல்ஸ் அப்படி."